தண்ணீர் கலக்காத ரத்தம்

நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: நான் உயிரியல் வாத்தியார், ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவன். பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் சிவப்பணு, வெள்ளையணு என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். சிவப்பு சாக்பீஸ் வரைக்கும் எனக்குத் தைரியம் உண்டு. ஒரு தடவை ரத்த வகை கண்டுபிடிக்கும் செய்முறை. பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும் என்று என் விரல் நுனியிலேயே ஊசியைக் குத்தி, "பாருங்க, வலிக்கவே இல்லை" என்று சொன்னது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் ரத்தம் எந்த வகை என்று கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. "சாரோட வகையே தனி" என்று மட்டும் முடிவு கட்டிவிட்டார்கள்.

இது சின்ன முட்டாள்தனம். பெரியது வேறு. தூங்கும்போதுகூடப் பாலைப் பற்றி மட்டுமே யோசிக்கிற ஒரு மனிதரிடம் போய், "ரத்தமும் பால் மாதிரிதான்" என்று உவமை சொன்னேன். அந்த மனிதரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பெயர் வேண்டாம். நான் மாமா என்பேன். ரத்தச் சொந்தம் கிடையாது, வேலிச் சொந்தம். என் வாடகை வீட்டுக்கும் அவர் மாடு கட்டும் கட்டுத்தரைக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். என்மேல் பிரியமாக இருந்தால் என்னை மாப்ளே என்பார். கோபம் என்றால் வாத்தியாரே. மாதத்தில் பாதி நாள் நான் வாத்தியார்தான்.

அவருடைய உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. கெட்டி, தண்ணி. எங்கள் தலைமையாசிரியர் தண்ணி. பஞ்சாயத்து மெம்பர் பச்சைத் தண்ணி. கோவிந்தாபுரத்தில் வைக்கோல் விற்கிற ஒருவர் மட்டும் கெட்டி. அவரும் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கொஞ்சம் இளகிவிட்டதாக மாமாவுக்கு வருத்தம். நான் எந்த வகை என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்குப் பலகையில் க்ஷீர சங்கம் என்று பெயர், வாயில் சொசைட்டி. மாமா அதில் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. பால் ஊற்றுகிற நூறு பேரில் ஒருவர். ஆனால் தினமும் காலையில் தன் பாலை ஊற்றிவிட்டுப் போகமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அளக்கிற பெண்ணுக்குப் பின்னால் நிற்பார். பாலின் அடர்த்தி பார்க்கிற மீட்டர் அவருக்குத் தேவையில்லை. பால் கொண்டுவரும் பாத்திரத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் போசியை, திறக்கும்போதே தெரிந்துவிடும்.

"இது யாரூட்டுப் பாலு?"

"என்றதுதானுங்."

"மாட்டக் கறந்தயா, பைப்பக் கறந்தயா?"

"ஏனுங், காத்தால மழத் தண்ணி ரெண்டு சொட்டு..."

"பங்குனி மாசத்துல உன்ற ஊட்டுக்கு மட்டும் மழ பேஞ்சுதா? எடுக்க மாட்டம். கொண்டு போ."

இந்தக் கடைசி வரியில் அவருக்கு ஒரு ராகம் உண்டு. 'எடுக்க மாட்டம்' என்பதைத் தாழ்வாகத் தொடங்கி, 'கொண்டு போ'வில் கதவைச் சாத்துவார். அளக்கிற பெண் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஆள் போசியை மூடிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். செயலாளர் ஒரு தடவை, "நீங்க யாருங்க அதைச் சொல்ல?" என்று கேட்டிருக்கிறார். மாமா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "உங்கூட்டுப் பால் போன வாரமே ரீடிங் எறங்கிருச்சு" என்றார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

கல்யாண வீட்டுப் பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மூடியவர். சித்தூர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் கள்ளைத் தொட்டதில்லை. ஒழுக்கமெல்லாம் காரணம் இல்லை, கள்ளுஷாப்பில் தண்ணீர் கலக்கிறார்கள் என்ற சந்தேகம். மாரியம்மன் கோயிலில் பாலாபிஷேகம் முடிந்து பூசாரி குடத்துத் தண்ணீரை எடுத்தபோது கையைப் பிடித்துவிட்டார். "பால் காயட்டும். சாமி தலையில வெச்சுக் கலக்கறயா நீ?" நோன்பிக்கு வந்த கூட்டம் முழுவதும் அம்மன் காய்வதற்காக வெயிலில் நின்றது.

தானும் தண்ணீர் குடிக்கமாட்டார். தாகம் எடுத்தால் கெட்டித் தயிரை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சுவார். மோர் அவரைப் பொறுத்தவரை தோற்றுப்போன பால்.

மாநிறமாகப் பிறந்த மனிதர். அறுபதை நெருங்கும்போது முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. காது மடல், கண், உள்ளங்கை எல்லாம் சிவப்பு. புதிதாக வந்த கள்ளுஷாப்காரர் தன் தொழிலுக்குப் பெரிய ஆதரவு என்று நம்பி அவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அடிக்கடி தலைவலி. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு. சுடுதண்ணீரில் குளித்தால் தூணில் முதுகைத் தேய்க்கிற அளவுக்கு அரிப்பு. மாமாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

"பாத்தயா மாப்ளே, தண்ணி மேல பட்டாலே ஒடம்பு ஏத்துக்க மாட்டீங்குது."

இதெல்லாம் ரத்தத்தில் சிவப்பணு எக்கச்சக்கமாகப் பெருகியிருப்பதன் அறிகுறி. குளித்தபின் அரிப்பு உட்படப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் என் மேசையில் இருந்தது. அதன்மேல் என் டீ தம்ளர் இருந்தது.

ஒருநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் போசி உருளும் சத்தம். எட்டிப் பார்த்தால் கட்டுத்தரை முழுக்கப் பால். மாமா முக்காலியில் உட்கார்ந்தபடி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. பக்கத்தில் அத்தை, அவர் மனைவி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கை தூங்கிப் போச்சு" என்றார் மாமா. வார்த்தை குழறியது.

என் பழைய காரில் ஏற்றினேன். பாதி வழியில் கை விழித்துக்கொண்டது, நாக்கும் தெளிந்தது. "திருப்பு, மாடு பாதிக் கறவைல நிக்குது" என்றார். பின் இருக்கையிலிருந்து அத்தை, "நேராப் போங்க மாப்ளே" என்றார். நேராகப் போனேன்.

பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுக்கும்போது நான் ஜன்னல் வழியே வெளியே நின்ற பலா மரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மாமா சோதனை அறைக்குள்ளேயே போய்விட்டார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, வட்டமான ஒரு மெஷினில் வைத்துச் சுழற்றினார்கள். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் சொசைட்டியில் முன்பு பாலின் கொழுப்பு பார்க்க இதேபோலச் சுழல்கிற மெஷின் இருந்தது. கம்ப்யூட்டர் மெஷின் வந்ததும் மூலையில் போட்டுவிட்டார்கள்.

"நம்ம சொசைட்டி மெஷின் இங்கெப்புடி வந்துச்சு மாப்ளே?"

இங்கேதான் என் உவமை. வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்காதே.

"அதே மாதிரிதானுங் மாமா. பால்ல கொழுப்பு எத்தனைன்னு அது சொல்லும், ரத்தத்துல சிவப்பணு எத்தனைன்னு இது சொல்லும்."

"என்றது எத்தன?"

டாக்டர் இளவயதுப் பெண், மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். குழாயைப் பார்த்தார். நூற்றுக்கு அறுபத்திரண்டு.

"சாதாரணமா எத்தனை இருக்கோணும் அம்மிணி?"

"நாற்பத்தஞ்சு. கூடிப்போனா அம்பது."

மாமா நிமிர்ந்தார். காத்திருந்த நோயாளிகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் அவர் கண்ணுக்குப் போசியோடு வரிசையில் நின்றார்கள். "எத்தன வருசமா ஊத்தறன். இந்த மாதிரி ரீடிங் ஒருத்தனும் எனக்குப் போட்டதில்ல" என்றார். அத்தையைத் திரும்பிப் பார்த்து, "கேட்டயா?" என்றார்.

"சேட்டா, இது நல்லதல்ல" என்றார் டாக்டர். "சோரைக்கு, அதான் ரத்தத்துக்கு, கட்டி கூடுதல். இப்படியே போனா உள்ளே எங்கயாவது உறைஞ்சு அடைக்கும். கை தூங்கினது வார்னிங். அடுத்த தடவை எழுந்துக்காது. தினம் வெள்ளம் நல்லாக் குடிக்கணும். பின்னே ஒரு பை ரத்தம் எடுத்துக் களையணும்."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்று மாமாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் என்னைப் பார்த்தார். தான் கேட்டது தவறாக இருக்கட்டும் என்கிற பார்வை.

"தண்ணி நெறையக் குடிச்சு ரத்தத்தக் கொஞ்சம்... இளக்கோணுமாமுங்."

மாமா எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"அம்மிணி, நீங்க படிச்ச புள்ள. என்ற அப்பன் காலத்துல இருந்து எங்கூட்டுப் பால்ல ஒரு சொட்டுத் தண்ணி உளுந்ததில்ல. என்ற ரத்தத்துல கலக்கச் சொல்றீங்களா?"

நடந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பலா மரத்தைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் ரீடிங்கை ஊர் பூராவும் சொன்னார். வேலந்தாவளம் சந்தையில் மாடு பார்க்க வந்த முன்பின் தெரியாதவரிடம்கூட, "என்றது அறுவத்திரண்டுங்" என்று அறிமுகம் செய்துகொண்டார். அந்த ஆள் வயதைச் சொல்வதாக நினைத்து, "பாத்தாத் தெரியலீங்" என்றார்.

எனக்கு உறக்கம் கெட்டது. உவமையை விதைத்தவன் நான், நான்தான் பிடுங்க வேண்டும். சாயங்காலம் சிவப்பு சாக்பீஸும் சிலேட்டுமாக வேலியைத் தாண்டினேன்.

"மாமா, சிவப்பணுங்கறது ஒரு மூட்டை தூக்கற ஆள். நுரையீரல்ல ஆக்சிஜனை ஏத்தி ஒடம்பு பூராக் கொண்டுபோய் எறக்கும். அதிகமா ஏத்தோணும்னு தன் உட்கருவையே வெளிய தள்ளிட்டு எடம் பண்ணி வெச்சிருக்குது."

"கெட்டிக்காரன்" என்றார் மாமா. அணுவுக்குக் கிடைத்த பாராட்டு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

"ஆனா ரத்தக் கொழாய் கடைசில மயிரிழை மாதிரி ஆயிரும். அணு ஒவ்வொண்ணாத்தான், ஒடம்ப வளைச்சு நெளிச்சுத்தான் போகோணும். கூட்டம் அதிகமானா? சந்தை அன்னிக்கு வேலந்தாவளம் ரோட்ட நெனச்சுப் பாருங்க. எல்லா வண்டிலயும் மாடு இருக்குது, ஒரு வண்டியும் நகராது."

"கூட்டம் இருந்தாத்தான் அது சந்த."

"மத்தவங்களுக்கு ஆக்சிஜன் கொறஞ்சா சிறுநீரகம் ஆர்டர் குடுக்கும், எலும்பு மஜ்ஜை அணு பண்ணும். உங்க மஜ்ஜை ஆர்டரே இல்லாமப் பண்ணிட்டு இருக்குதுங்."

"நல்ல வேலக்காரன் சொல்றவரைக்கும் நிக்க மாட்டான்."

கடைசி அஸ்திரமாக, "மாமா, ரத்தத்துல சிவப்பணு போக மிச்சம் மஞ்சத் தண்ணிதானுங். உங்க ரத்தத்துலயும் மூணுல ஒரு பங்குக்கு மேல தண்ணிதான்" என்றேன்.

அவர் முகம் மாறியது. அன்றைக்கு முதல் தடவையாகச் சிலேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"எவன் கலந்தான்?"

"கடவுள்ங் மாமா."

"அவன் எந்தச் சொசைட்டில ஊத்தறான்?"

சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார். எனக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தார். "இன்னிக்கு நீங்க வாத்தியாருங் மாப்ளே" என்றார்.

அத்தை அதிகம் பேசாதவர். அந்தக் கையைப் பற்றிய பயம் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம். மாமா கறக்கும்போதெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்திலேயே நிற்பார். மறுநாள் உச்சி வெயில். சித்தூர்ப் பக்கத்துப் பங்குனி வெயில், காகம்கூட நிழலில் நின்றுதான் கரையும். கட்டுத்தரையில் மாமாவின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. சிவலை மாடு நாக்கைத் தொங்கப் போட்டு நின்றது.

"மாட்டுக்கு ஏண்டி தண்ணி காட்டல?"

அத்தை அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். "காட்டுனா பால்ல கலந்துருமுங்."

"மண்டைல வெயில் ஏறிருச்சா உனக்கு? மாடு குடிக்கறது எப்புடிடி கலப்பாகும்? அது உள்ள போவுது, ஒடம்பு வேணுங்கறத எடுத்துக்குது, வேண்டாததக் கோமியமா உடுது. மாட்டுக்குத் தெரியும் எத்தன வெக்கோணும்னு. போசில ஊத்தறது வேற, வாயில குடிக்கறது வேற!"

சிறுநீரகம், நீர்ச்சமநிலை என்று நான் இரண்டு வாரம் நடத்துகிற பாடம் அது. இவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை.

அத்தை அம்மியை விட்டு எழுந்தார். பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு மாமாவின் கையில் கொடுத்தார். தொட்டியை நிமிர்த்தி மாட்டுக்கும் ஊற்றினார்.

மாமா செம்பைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மாடு குடித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் குடித்தார். இரண்டு பேருக்கும் தொண்டைச் சத்தம் ஒன்றுபோலக் கேட்டது.

தண்ணீர் பிரச்சினை தீர்ந்தது. ரத்தம் எடுக்கும் பிரச்சினை தீரவில்லை. "குடிக்கறன். எடுக்க உட மாட்டன்" என்றார். கெட்டியாக இருப்பதைக் கறந்து சாக்கடையில் ஊற்றுவதாம், எந்த ஊர் நியாயம்? மடியில் பால் தேங்கினால் மாட்டுக்கு மடி வீங்குமே, அதுபோலத்தான் என்றேன். என் உவமைகளுக்கு அந்த வீட்டில் மரியாதை போய்விட்டிருந்தது.

பிறகு ஒரு விடிகாலை, வேலியோரம் மாமா வந்து நின்றார். வலது கையை இடது கையால் பிடித்திருந்தார், கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல. பின்னால் மாடு கறக்காமல் கத்திக்கொண்டிருந்தது.

"மாப்ளே. கை வரமாட்டீங்குது."

அந்த மனிதர் குரலில் தண்ணீர் கலந்து நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

காரை எடுத்தேன். அத்தை பின்னால் ஏறினார். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வரன். ஆனா ஒண்ணு. அந்த மெஷினு அறுவத்திரண்டுன்னுச்சு, சந்தோசப்பட்டன். இப்ப அது சொன்னதுக்காக எடுத்துக் கொட்டோணுங்கறாங்க. மெஷின் மேல சந்தேகம் வந்தா சொசைட்டில என்ன பண்ணுவம்?"

"அடுத்தவங்க பாலை அதே மெஷின்ல ஊத்தி..." என்று ஆரம்பித்த நான் பாதியில் நிறுத்தினேன்.

"நீ ஊத்து" என்றார் மாமா.

வழி நெடுக என் மூளை சிவப்பணுவைவிட வேகமாக ஓடியது. சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லலாமா. போன வாரம் காய்ச்சல் என்று சொல்லலாமா. டாக்டரிடம் கண்ணடித்து, 'இவர் ரத்தத்தையே இரண்டு தடவை பாருங்கள்' என்று கெஞ்சலாமா. கண்ணாடியில் பார்த்தால் மாமா தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் மட்டும் கேட்டது. மற்றவை கேட்கவில்லை. அத்தை என் முதுகிடம் சொன்னார்: "கண்ண மூடிக்குங்க மாப்ளே. ஒதைக்காத மாடு மாதிரி நின்னீங்கன்னா ஒரு நிமிசம்."

டாக்டர் முதலில் மாமாவின் கையை, நாக்கை, நடையைச் சோதித்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தப்பித்திருந்தார், விரல்கள் திரும்பிக்கொண்டிருந்தன. "இனி ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது" என்றார் டாக்டர். அடுத்தடுத்து இரண்டு கட்டில். நான் கையை நீட்டும்வரை மாமா நீட்டவில்லை. நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார் என்ன ஜோலி?"

"பயாலஜி டீச்சர்."

நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசி உள்ளே போனது. நான் மனதுக்குள் பாடம் நடத்தினேன்: சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதம், பிறப்பிடம் எலும்பு மஜ்ஜை, சுடுகாடு மண்ணீரல்... பாதியில், பாழாய்ப்போன ஆசிரியப் புத்தி, சிரைக் குருதி கருஞ்சிவப்பாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோமே என்று கண்ணைத் திறந்தேன். கருஞ்சிவப்பாகத்தான் இருந்தது. அடுத்த கட்டிலிலிருந்து மாமா, "அடர்த்தி பத்தல" என்று சொன்னது தூரத்தில் கேட்டது. பிறகு பலா மரம், சிவலை மாடு, ஒன்பதாம் வகுப்பு எல்லாம் சேர்ந்து சுழன்றன.

விழித்தபோது என் முகம் ஈரமாக இருந்தது. அத்தை கையில் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் மாமாவின் ரத்தம் குழாய் வழியே பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியது என்பது மரியாதைக்கு, ஊர்ந்தது.

"ரொம்பக் கட்டி. வரமாட்டேங்குது" என்றார் நர்ஸ்.

"சும்மா இழுத்தா எறங்குமா அம்மிணி? தடவிக் குடுத்துக் கறக்கோணும்" என்றார் மாமா.

நர்ஸ் மென்மையான ஒரு ரப்பர் பந்தை அவர் வலது கையில் வைத்து, அமுக்கி அமுக்கி விடச் சொன்னார். மாமா பந்தைப் பிடித்தார். முதலில் கட்டை விரல், பிறகு ஆள்காட்டி விரல், பிறகு மற்றவை மேலிருந்து கீழாக வரிசையாக மூடின. திறந்தன. மறுபடி மூடின. காம்பைப் பிடித்துக் கறக்கிற அதே ஓட்டம். அன்று காலை செத்துக் கிடந்த கை அது. அத்தை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முந்தானை நுனி வாயில் இருந்தது. பை நிறையத் தொடங்கியது.

"போதும், கன்னுக்குக் கொஞ்சம் உட்டு வையி" என்றார் மாமா.

அதன் பிறகு பல வருடம் அவர் அந்தக் கட்டிலுக்குப் போய் வந்தார். ரத்தத்தோடு இரும்பும் போகப் போக மஜ்ஜைக்குக் கச்சாப்பொருள் குறைந்து, ஆர்டர் இல்லாத உற்பத்தி தணிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, "கறவைக்குப் போறன்" என்பார். எடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றமாட்டார்கள் என்பதில் மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. ஒரு ஹர்த்தால் அன்று பால் வண்டி வராமல் ஓடையில் ஊற்றிய பாலை நினைத்துக்கொள்வார். வயதான காலத்தில் மாடுகளை விற்றுவிட்டு மறையூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் போய், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொப்பரைக்குப் பின்னால் நிற்பாராம். பாகு பதம் வருவதற்குள் யாரையாவது திருப்பி அனுப்பியிருப்பார். அங்கேயே, தூக்கத்தில், வயதால் போனார். கை கடைசிவரை வேலை செய்தது என்று அத்தை சொன்னார்.

ஆனால் நான் இன்னும் அந்த முதல்நாள் கட்டிலில்தான் கிடக்கிறேன். மாமா கையில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என் ரிசல்ட்டோடு வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாஷே, நீங்க சாப்பாடு கழிஞ்ச உடனே சாயா குடிப்பீங்களா?"

உணவோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராது. இதை நான் டீ தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

சுழற்றிய என் குழாயை மாமா கேட்டு வாங்கினார். அடியில் கொஞ்சம் சிவப்பு, மேலே நீளமாக மஞ்சள். தன் குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெஷின் சரிதான் என்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. என்னுடையதை வெளிச்சத்தில் தூக்கினார், சாய்த்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கட்டில் ஒரு சொசைட்டி ஆயிற்று. நர்ஸ், டாக்டர், அத்தை எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

இத்தனை வருடம் கேட்கத் தைரியம் இல்லாததை அன்றைக்குப் படுத்த நிலையில் கேட்டேன். மானம் ஏற்கெனவே தரையில் விழுந்துவிட்டதால் இழக்க ஒன்றும் இல்லை.

"மாமா, என்றது எப்படிங்?"

மாமா குழாயை என் நெஞ்சின்மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எடுக்க மாட்டம். கொண்டு போ."